மெமோ மாறிய வருஷத்தில் என் கேஸ்

எங்கள் ராஜபாளையத்தில் மெமோ என்றால் கெட்ட செய்தி. அப்பா முப்பத்தொரு வருஷம் நூற்பாலையில் இருந்தவர். "இன்னாருக்கு மெமோ குடுத்துட்டாங்க" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வார். அடுத்த மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கவலை எங்கள் வீட்டுக்கும் வந்துவிடும். அமெரிக்காவுக்கு வந்து பதினோரு வருஷம் கழித்து என் பிழைப்பிலும் மெமோக்கள் புகுந்தன. எதிலும் என் பெயர் கிடையாது. வாஷிங்டனில் ஒருவர் எழுதினார், அவருக்குப் பிறகு வந்தவர் அதை ரத்து செய்தார், மூன்று மாதம் கழித்து அவரே புதிதாக ஒன்று எழுதினார். அந்த இடைவெளியில் என் கேஸ் மாட்டிக்கொண்டது.

வேலை பார்த்த இடத்தின் பெயரை எழுத மாட்டேன். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு தடையும் இல்லை. எனக்கே வேண்டாம். நியூ ஜெர்சியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம், அதன் சமையற்கூடம், அவ்வளவு போதும். காலை ஐந்தே காலுக்குள் கார்டு தேய்க்க வேண்டும். தட்டு வரிசையில் நின்று யாருக்கு உப்பில்லாதது, யாருக்கு அரைத்துக் கூழாக்கியது, யாருக்குச் சர்க்கரை கூடாது என்று சீட்டைப் பார்த்து அடுக்க வேண்டும். மணிக்கு பதினெட்டரை டாலர். வேலை எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி தினமும் வாழைப்பழத்தில் முகம் வரைந்து கேட்பார். அந்த ஒரு பழத்துக்காகவே பேனாவை ஏப்ரனில் வைத்திருப்பேன்.

2023 அக்டோபரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அதுவரை வருஷத்தில் ஆறு பண்டிகை நாட்களுக்கு ஒன்றரை மடங்கு கூலி கொடுத்தார்கள். இனி இரண்டு நாளைக்கு மட்டும்தானாம். நாங்கள் ஐந்து பேர் ஒரு கடிதம் எழுதினோம். எழுதினோம் என்றால், டைப் அடித்தது நான், நூலகத்தில் நகல் எடுத்ததும் நான். மற்ற நால்வர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஹெய்ட்டிக்கார அக்கா ஒருத்தி, கையெழுத்துக்குக் கீழே மரியாதைக்காக "நன்றி" என்று வேறு எழுதினாள். மேலாளரிடம் ஐந்து பேரும் சேர்ந்து போய்க் கொடுத்தோம். பதினாறாவது நாள் என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். காரணம், குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டில் ஒரு நாள் கட்டம் காலியாக இருந்ததாம். காலியாக இருந்தது உண்மை. அதற்கு முந்தின மாதம் வேறு மூன்று நாட்கள், வேறு ஆட்களின் கட்டங்களும் காலியாக இருந்தன. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏதோ வேறு விஷயத்துக்காக அந்தப் பக்கத்தை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் படம் இல்லையென்றால் இந்தப் பதிவே இல்லை.

எங்களிடம் சங்கம் இல்லை. அதனால் சட்டமும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அக்காவின் தம்பி வேறொரு மருத்துவமனைச் சங்கத்தில் இருப்பவன். அவன்தான் சொன்னான்: சங்கம் இருக்கணும்னு அவசியமில்லை, இரண்டு பேர் சேர்ந்து கூலியைப் பற்றிக் கேட்டாலே 1935-ஆம் வருஷச் சட்டத்தின் ஏழாவது பிரிவு காப்பாற்றும். அப்படிக் கேட்டதற்காக வேலையை விட்டு அனுப்பினால் அது நியாயமற்ற தொழில் நடைமுறை. இங்கே சுருக்கமாக யூ.எல்.பி. என்பார்கள். தேசிய தொழிலாளர் உறவு வாரியத்தில் ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை.

2024 ஜனவரியில் கொடுத்தேன். படிவம் சின்னதுதான். அதன் பிறகு வாரியத்தின் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அழைத்தார். இரண்டு தடவையாக நான்கு மணி நேரம் பேசி, நான் சொன்னதையெல்லாம் ஒன்பது பக்க வாக்குமூலமாக அடித்து அனுப்பினார். ஒவ்வொரு பக்கத்திலும் இனிஷியல். நல்ல மனிதர். முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: நான் உங்கள் வக்கீல் இல்லை.

இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. புகார் என்னுடையது, கேஸ் என்னுடையது இல்லை. விசாரித்து, முகாந்திரம் இருக்கிறது என்று முடிவு செய்து, குற்றச்சாட்டு தாக்கல் செய்யும் அதிகாரம் வாரியத்தின் ஜெனரல் கவுன்சல் என்ற ஒரே ஒரு பதவிக்குத்தான். அவர் வேண்டாம் என்றால் நானாக வேறு நீதிமன்றத்துக்குப் போய் இதை நடத்த முடியாது. அந்தப் பதவியில் இருப்பவர் மண்டல அலுவலகங்களுக்கு எழுதுவதுதான் மெமோ. எதை வலியுறுத்த வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், எந்த வரி இல்லாமல் சமரசத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, எல்லாம் அதில் வந்துவிடும்.

சமரசம் என்று சும்மா சொல்லவில்லை. 2024 நிதியாண்டில் மட்டும் வாரியத்துக்கு 21,292 யூ.எல்.பி. புகார்கள் வந்தன. முகாந்திரம் இருப்பதாக முடிவாகும் புகார்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் சமரசத்தில் முடிகின்றன. தீர்ப்பு என்ற ஒன்றை என்னைப் போன்றவர்கள் பார்ப்பதே இல்லை. ஆகவே எங்களைப் பொறுத்தவரை சமரசக் கொள்கைதான் சட்டம்.

நான் புகார் கொடுத்தபோது ஜெனரல் கவுன்சலாக இருந்தவர் ஜெனிபர் அப்ரூசோ. 2021 ஜூலையில் செனட்டில் அவருடைய நியமனம் 50-க்கு 50 என்று நின்று, துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ் வாக்குப் போட்டுத்தான் நிறைவேறியது. பதவிக்கு வந்த இரண்டாம் மாதமே, செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில் இரண்டு மெமோ. 21-06, 21-07 என்று எண். இரண்டாவதுதான் சமரசத்தைப் பற்றியது. சம்பளப் பாக்கியில் நூறு சதவீதத்துக்குக் குறைத்துக் கேட்காதே. வேலை போனதால் வந்த மற்ற நஷ்டங்களையும் கேள். ஒப்பந்தத்தை மீறினால் என்ன ஆகும் என்ற ஷரத்தை எல்லாச் சமரசத்திலும் போடு. மன்னிப்புக் கடிதம் கூட அதில் உண்டு.

மீறல் ஷரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அடிபட்டது அங்கேதான். கம்பெனி ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்றால் முதலில் ஒரு அவகாசம் கொடுப்பார்கள். அதிலும் சரிசெய்யவில்லையா, குற்றச்சாட்டில் உள்ள அத்தனையையும் அவர்கள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். மறுபடி முதலிலிருந்து சாட்சி, விசாரணை எதுவும் வேண்டாம். இதற்கு நேர் எதிரான வரி ஒன்றை முதலாளிகளின் வக்கீல்கள் கேட்பார்கள்: "இதில் கையெழுத்திடுவதால் சட்டத்தை மீறியதாக நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை."

2024 ஆகஸ்டில் முகாந்திரம் இருப்பதாக முடிவானது. அதிகாரி ஒரு வரைவு அனுப்பினார். மறுபடி வேலை. சம்பளப் பாக்கி முழுசும். அதில் இடையில் நான் வேறு இடத்தில் சம்பாதித்ததைக் கழித்துவிடுவார்கள். (ஏழு வாரம் சும்மா இருந்துவிட்டு, ஒரு கடையில் அந்த வருஷக் குறைந்தபட்சக் கூலியான 15.13 டாலருக்குச் சேர்ந்திருந்தேன்.) அப்புறம் கிரெடிட் கார்டு வட்டி 1,900 டாலர். காப்பீடு நின்றுபோன மாதத்தில் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான், அந்த ஆஸ்பத்திரி பில் 3,400. மீறல் ஷரத்து உண்டு. ஒப்புக்கொள்ளவில்லை வரி கிடையாது. அறுபது நாள் சுவரில் அறிவிப்பு. "மன்னிப்புக் கடிதம் கேட்கவா?" என்று அதிகாரி கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேளுங்கள் என்றேன்.

அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "மன்னிப்புக் கடிதமா, முதலாளியா?" என்று மூன்று தடவை கேட்டார். அவர் காலத்தில் பேச்சுவார்த்தை நடக்கும், லேபர் ஆபீசர் முன்னால் 12(3) ஒப்பந்தம் போடுவார்கள், மில் கேட்டில் வெடி போடுவார்கள். மன்னிப்பு என்று ஒரு பேச்சே வந்ததில்லை. "இது நடக்காதும்மா. ஆனா கேட்டு வை" என்றார்.

நடக்கவில்லை. கம்பெனி வக்கீல் பணத்தைப் பற்றிக் கூட அவ்வளவு வாதாடவில்லை. அந்த ஒரு வரி வேண்டும் என்றார். எங்கள் பக்கம் முடியாது என்றார்கள். அக்டோபரில் குற்றச்சாட்டு தாக்கலானது, ஏப்ரலுக்கு விசாரணை குறித்தார்கள்.

முன்பெல்லாம் அந்த வக்கீலுக்கு இன்னொரு வழி இருந்திருக்கும். தன் பக்கத்துக்கு வசதியான சமரசத்தைத் தானே எழுதி நேராக நீதிபதியிடம் நீட்டி, எதிர்த்தரப்பு மறுத்தாலும் ஏற்கச் சொல்லலாம். இந்த வழி எப்படித் திறந்து மூடியது என்பதே ஒரு தனிக் கூத்து. 1987-இல் இண்டிபென்டென்ட் ஸ்டேவ் வழக்கில் சமரசம் நியாயமானதுதானா என்று பார்க்க ஒரு அளவுகோல் வகுத்தார்கள். 2016-இல் ஒரு தபால்துறை வழக்கில், முழு நிவாரணம் இருந்தால்தான் இப்படி ஒருதலையாக ஏற்கலாம் என்று இறுக்கினார்கள். 2017 டிசம்பரில் ஆட்சி மாறிய வாரியம் பழைய அளவுகோலுக்கே திரும்பியது. 2024 ஆகஸ்டில், போர்ட்டோ ரிக்கோவின் ஒரு மருத்துவமனை பற்றிய மெட்ரோ ஹெல்த் வழக்கில், இந்த வழியே இனி வேண்டாம் என்று மூடிவிட்டார்கள். எனக்கு வரைவு வந்த அதே மாதம். நல்ல நேரம் என்று நினைத்தேன்.

டிசம்பர் 27-ஆம் தேதி நேரம் திரும்பியது. பிலடெல்பியாவில் இருக்கும் மூன்றாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், ஸ்டார்பக்ஸ் வழக்கொன்றில், கம்பெனி கொடுக்காமல் நிறுத்திய பணத்துக்கு மேல் மற்ற நஷ்டங்களைக் கட்டச் சொல்ல வாரியத்துக்கு அதிகாரமில்லை என்றது. நியூ ஜெர்சி அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. அடுத்த மாதமே சான்பிரான்சிஸ்கோவில் உள்ள ஒன்பதாம் சுற்று நீதிமன்றம் மேசிஸ் வழக்கில் நேர்மாறாகச் சொன்னது. அதாவது மகன் கலிபோர்னியாவில் சைக்கிள் ஓட்டி விழுந்திருந்தால் அந்த 3,400 டாலருக்கு இன்னும் உயிர் இருந்திருக்கும்.

2025 ஜனவரி 27 இரவு புதிய ஜனாதிபதி டிரம்ப் அப்ரூசோவை நீக்கினார். இதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றுமில்லை. 2021-இல் பைடன் பதவியேற்ற அன்றே முந்தைய ஜெனரல் கவுன்சல் பீட்டர் ராபை நீக்கியவர்தான். ஆனால் அதே இரவில் வாரிய உறுப்பினர் க்வின் வில்காக்ஸையும் நீக்கியது அதுவரை நடக்காதது. ஐந்து பேர் இருக்க வேண்டிய வாரியத்தில் தீர்ப்புச் சொல்லக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். மிச்சம் இரண்டு பேர்.

பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று, தற்காலிக ஜெனரல் கவுன்சல் வில்லியம் கோவன் ஒரே மெமோவில் அப்ரூசோவின் மெமோக்களை வரிசையாக ரத்து செய்தார். 21-06, 21-07 இரண்டும் அந்தப் பட்டியலில். அவர் சொன்ன காரணம், வேலை மலைபோல் தேங்கிவிட்டது, எல்லாவற்றையும் செய்யப் பார்த்தால் ஒன்றும் நடக்காமல் போய்விடும் என்பது. இரவு இரண்டு மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன். இவர் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போதும் நான் அதே இடத்தில் இருந்தேன். "என்ன, உன்னைப் பற்றி எழுதியிருக்கா?" என்றார். ஒரு வரி கூட இல்லை என்றேன்.

மே 16-ஆம் தேதி புதிய மெமோ, 25-06. ஒப்புக்கொள்ளவில்லை வரியைச் சேர்ப்பதும் சேர்க்காததும் மண்டல இயக்குநரின் விருப்பம். மீறல் ஷரத்தை எல்லாவற்றிலும் போட வேண்டியதில்லை, வழக்கைப் பார்த்துப் போடலாம். மற்ற நஷ்டங்கள் என்று கேட்டால், இந்தக் காரியத்தால்தான் வந்தது என்று தெளிவாகத் தெரிவதை மட்டும் கேள். அசாதாரண நிவாரணங்கள் மிக மோசமான மீறல்களுக்கு மட்டும். என் மன்னிப்புக் கடிதம் அந்த வாக்கியத்தோடு போயிற்று.

இரண்டு வாரம் கூட ஆகவில்லை, கம்பெனி வக்கீலிடமிருந்து கடிதம். ஏப்ரல் விசாரணை ஏற்கெனவே ஜூலைக்குத் தள்ளிப்போயிருந்தது. இருபதாயிரம் டாலர். என் பாக்கி இருபத்து நாலாயிரத்துச் சொச்சம். வட்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒன்றுமில்லை. மறுபடி வேலைக்கு வர மாட்டேன் என்று நான் எழுதித் தர வேண்டும். அந்த வரி உண்டு. மீறல் ஷரத்து இல்லை. சுவர் அறிவிப்பு மட்டும் அப்படியே.

அதிகாரி என்னை வற்புறுத்தவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். விசாரணைக்குப் போய் ஜெயித்தால்? அவர்கள் வாரியத்துக்கு மேல்முறையீடு போவார்கள். வாரியம் எப்போது தீர்ப்புச் சொல்லும்? மூன்றாவது உறுப்பினர் வந்த பிறகு. எப்போது வருவார்? "எனக்குத் தெரிந்தால் உங்களிடம் சொல்வேன்" என்றார். (டிசம்பரில்தான் புதிய உறுப்பினர்களை செனட் உறுதிசெய்தது, நான் கையெழுத்துப் போட்டு ஆறு மாதம் கழித்து.)

இங்கே எனக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்ரூசோவின் மெமோ எனக்காகப் பேசியது. என்னுடைய கிரெடிட் கார்டு வட்டியைக் கூட எண்ணிப் பார்த்த முதல் அரசாங்கக் காகிதம் அது. ஆனால் அது இருந்தவரை என் கைக்கு ஒரு டாலர் வரவில்லை. ஆகஸ்டிலேயே அந்த ஒரு வரியை விட்டுக்கொடுத்திருந்தால் வேலையும் முழுப் பாக்கியும் கிடைத்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்த வரியை விடக்கூடாது என்று அப்போது முடிவெடுத்தது நான் இல்லை. ஒன்பது மாதம் கழித்து விட்டுவிடலாம் என்று முடிவெடுத்ததும் நான் இல்லை. கோவன் சொன்ன தேக்கம் பொய்யில்லை, நானே அந்தத் தேக்கத்தில் ஒரு கோப்பு. அதற்காக, தேக்கத்தைக் குறைக்கும் செலவை என் பாக்கியிலிருந்து கழிப்பது நியாயம் என்று எனக்குப் படவில்லை. இந்தச் சட்டத்தில் முதலாளிக்கு அபராதம் என்று ஒரு பைசா கிடையாது. கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதுதான் உச்சபட்சத் தண்டனை. அதிலும் தள்ளுபடி என்றால், பதினாறு நாளில் ஒருத்தியை வெளியே அனுப்பியது அவர்களுக்குக் கணக்கில் லாபம்தான். மற்ற நாலு பேர் அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

இவர் போடு என்றார். மகன் "அம்மா, அவங்க சாரி சொல்லலியா?" என்றான். அப்பாவைக் கூப்பிட்டேன்.

"12(3)-ஆ, 18(1)-ஆ?" இதுதான் முதல் கேள்வி. அதிகாரி முன்னால் போட்டதா, தனியாகப் பேசி முடித்ததா என்று அர்த்தம். அவர் காலத்துச் சட்டத்தில் முதலாவது எல்லாரையும் கட்டும், இரண்டாவது கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்.

"இங்க அப்படிப் பிரிவு இல்லப்பா. இயக்குநர் ஒப்புதல் குடுப்பாரு. ஆனா எனக்கு மட்டும்தான்."

"அப்ப ஆபீசர் பக்கத்துல இருப்பாரா?"

"கம்ப்யூட்டர்லதான் கையெழுத்து. நான் கடையில பிரேக் நேரத்துல போட்டுருவேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "லீவு போட்டுட்டுப் போடும்மா" என்றார். "ரெண்டு வருசக் கையெழுத்து அது. நின்னுக்கிட்டுப் போடாத."

லீவு போட்டேன். சம்பளமில்லா லீவு. ஜூன் மாதத்து வியாழக்கிழமை, அதே சமையலறை மேசையில், எல்லாப் பக்கத்தையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வரிப் பிடித்தம் போக வந்த காசோலையில் ஆஸ்பத்திரிக் கடன் அடைந்தது, கார்டில் பாதி அடைந்தது.

அறிவிப்பை ஜூலையில் ஒட்டினார்கள், கார்டு தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில். அக்கா படம் எடுத்து அனுப்பினாள். சேர்ந்து கோரிக்கை வைப்பதற்காக உங்களை வேலையை விட்டு நீக்க மாட்டோம், என்று கம்பெனி தன் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கும். ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரி ஒப்பந்தத்தில்தான், சுவரில் இல்லை. அது எனக்கு முதலில் தெரியாது, படத்தைப் பெரிதாக்கி இரண்டு தடவை தேடினேன். மூன்றாவது வாரம் யாரோ அதன் மேல் பிறந்தநாள் கேக் அறிவிப்பைக் குத்திவிட்டார்களாம். அக்கா அதைப் பிடுங்கிப் பக்கத்தில் குத்தியிருக்கிறாள். மறுநாள் மறுபடி மேலே. மறுபடி பிடுங்கியிருக்கிறாள். இப்படி நாலு தடவை.

செப்டம்பரில் அறுபது நாள் முடிந்த அன்று அவளிடமிருந்து ஒரு செய்தி: "எடுத்துட்டாங்க. குப்பையில இருந்து நான் எடுத்துக்கிட்டேன். உனக்கு வேணுமா, எனக்கே வச்சுக்கவா?"

நீயே வைத்துக்கொள் என்று எழுதினேன். அவள்தானே இன்னும் அங்கே வேலை பார்க்கிறாள்.